இருபத்தொரு நாள் அசையாத முட்டி

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாள் காலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மணல் குவியல், ஆளுக்கொரு சட்டி. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், அவன் இரண்டாம் வகுப்பு. இன்றைக்கு என் பெயரில் ஒரு கம்பெனி நடக்கிறது. அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். நான் போட்ட தரையை மிதிக்காமல் இந்த நகரத்தில் ஒருவன் ஒரு நாளைக் கழித்துவிட முடியாது. மருத்துவமனைக்குப் போனாலும் என் தரை, கோர்ட்டுக்குப் போனாலும் என் தரை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வது? ஆனால் இங்கே எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. அந்தத் தரைகளை எல்லாம் முட்டி போட்டுப் பதித்தவனைப் பற்றி.

அவனை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அது தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நடுவில் வந்து நின்றால் மட்டம். இவனுக்கு அந்தக் கருவி வேண்டாம். தரையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, "ஜன்னல் ஓரம் ஒரு நூல் ஏறியிருக்கு" என்பான். கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஏறியிருக்கும். இஞ்சினீயர்கள் வாயைப் பிளப்பார்கள்.

முப்பது வயதில் நான் தரையை விட்டு எழுந்துவிட்டேன். ஆள் பிடித்தேன், வேலை எடுத்தேன், முதலாளி ஆனேன். எனக்கு இப்போது எழுபத்திரண்டு. ஆறு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. அவன் எழவில்லை. எழச் சொன்னாலும் கேட்கவில்லை. "நின்னுக்கிட்டு வேலை வாங்குறதுக்கு நீ இருக்க, முட்டி போடறதுக்கு ஒருத்தன் வேணாமா?" என்பான். ஆள்கள் முன்னால் என்னை "முதலாளி" என்பான். அவர்கள் நகர்ந்ததும் "டேய்" என்பான். அந்த "டேய்" சொல்வதற்கு உயிரோடு இருப்பவன் அவன் ஒருவன்தான்.

நாற்பத்தைந்து வருஷம் முட்டி போட்டவனின் முட்டி என்ன ஆகும்? இரண்டும் போயிற்று. நிற்கும்போது கால் இரண்டும் வில்லாக வளைந்து நின்றது. பஸ் படியில் பக்கவாட்டில் ஏறுவான். அப்போதும் வேலைக்கு வந்தான். முட்டிக்குக் கீழே சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு கல் பதித்தான்.

அந்த வருஷம்தான் புது நூலகத்தின் தரை வேலை எனக்குக் கிடைத்தது. நடுக்கூடத்தில் இருபதடி அகலத்துக்கு ஒரு வட்டம் வர வேண்டும். நடுவில் ஒரு கல், அதைச் சுற்றி விசிறி மடிப்புப் போலக் கல் விரிந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு நூல் பிசகினால் ஓரத்தில் ஒரு விரல் பிசகும். வரைபடத்தைப் பார்த்ததும் அவன் கண் மாறிவிட்டது.

"டேய், இதை நான்தான் போடுவேன். வேற எவன் கையும் இதுல படக் கூடாது."

"முதல்ல முட்டியைப் பார்த்துக்கோ. இதோட நீ முட்டி போட்டா எழுந்திரிக்கிறதுக்கு கிரேன் வேணும்."

"அப்ப முட்டியை மாத்திக்கிறேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. பயந்தாங்கொள்ளி, ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவன், அந்த வட்டத்துக்காக அறுவைக்குச் சம்மதித்தான்.

டாக்டர் நல்ல மனிதர். முதலில் வலது முட்டி, மூன்று மாதம் கழித்து இடது என்றார். இவன் கேட்டது ஒரே கேள்வி.

"முட்டி போட முடியுமாங்க?"

"நடக்கலாம், படி ஏறலாம். முட்டி போடறது எல்லாருக்கும் வராது. நல்லா பயிற்சி பண்ணி, நூத்திப் பத்து டிகிரி மடங்குச்சுன்னா, மெத்தை வச்சுக் கொஞ்ச நேரம் போடலாம்."

"நூத்திப் பத்து," என்றான் என்னைப் பார்த்து, ஏதோ கல்லின் அளவு சொன்னது போல. அன்றிலிருந்து அவன் வாயில் அந்த எண்தான்.

அறுவை நன்றாக நடந்தது. மறுநாளே பயிற்சி கொடுக்கிற பெண் வந்து அவனை நிற்க வைத்தாள். சின்னப் பெண், ஆனால் குரலில் மேஸ்திரி அதிகாரம். நாலாம் நாள் முட்டியில் ஒரு கருவியை வைத்து அளந்தாள். எழுபத்தைந்து.

"நல்லா வருது ஐயா. வீட்ல தினமும் மூணு வேளை மடக்கணும். வலிக்கும். வலிச்சாலும் விடக் கூடாது. முதல் ஆறு வாரம் போச்சுன்னா போனதுதான்."

ஒரு காகிதமும் கொடுத்தாள். கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். வாரம் இரண்டு நாள் தானே வீட்டுக்கு வந்து மடக்கிவிடுவதாகவும் சொன்னாள். அறுவை எப்படிச் செய்தார்கள் என்று இவன் துளைத்துத் துளைத்துக் கேட்கவும், போனில் ஒரு படமும் போட்டுக் காட்டினாள். அதைக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் பார்க்கப் போனேன். மாடியில் ஒன்றரை அறை வீடு. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். கால் தலையணை மேல் நீட்டிக் கிடந்தது. அவன் சிரிக்கவில்லை.

"டேய், கதவைச் சாத்திட்டு வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல பார்த்தேன். இவங்க பண்றதும் நம்ம வேலைதான்."

"என்னடா சொல்ற?"

"எலும்பைச் சீவி மட்டம் பண்றாங்க. அது மேல பசை பூசுறாங்க. தகட்டை வச்சு அழுத்துறாங்க. சுத்தியால நாலு தட்டுத் தட்டுறாங்க. கல் பதிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் மறுநாளே அது மேல ஏறி நிக்கச் சொல்றாங்கடா!"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொழில் தெரியாதவர்களுக்கு இது புரியாது. புதிதாகப் பதித்த கல்லின் மேல் காலை வைப்பதைவிடப் பெரிய குற்றம் எங்களுக்குள் கிடையாது. கல் லேசாக அசைந்தால் போதும், அடியில் காற்று புகுந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டிப் பார்த்தால் காலிப் பானைச் சத்தம் வரும். ஒரு வீட்டில் பதித்த மறுநாளே வீட்டுக்காரர் பீரோவை இழுத்துப் போட்டதால் ஒரு அறை முழுக்கப் பெயர்த்து எடுத்திருக்கிறோம். அதற்கு இவன் அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினான். அவருடைய சொந்த வீட்டிலிருந்தே அவரை.

"எத்தனை நாள் விடலாம்?" என்று கேட்டான்.

"தரைக்கு ஏழு நாள் போதும்."

"இது என் உடம்பையே தாங்கணும்டா."

"அப்ப கான்கிரீட் தளத்துக்கு விடுற கணக்கு விடு. இருபத்தொண்ணு."

சொன்னது நான்தான். யோசித்துக்கூடச் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்த கணக்கு, நாக்கு தானாகச் சொல்லிற்று.

அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். மூன்று வாரத்துக்கு வர வேண்டாம் என்றேன்.

"ஐயா, அப்படி விடக் கூடாது. மடக்கலேன்னா..."

"பதிச்சது பிடிக்கணும்மா. பிடிச்ச பிறகு மடக்கிக்கலாம்."

"இல்லங்க ஐயா, அந்தப் பசை வந்து..."

"பசையைப் பத்தி எனக்கே சொல்றியா? நீ பிறக்கறதுக்கு முன்னாடி நான் போட்ட தரை இன்னும் அப்படியே கிடக்கு. போய்ப் பாரு."

அவளைப் பேச விட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். நான் போனை வைத்துவிட்டேன். என்னை யாரும் எதிர்த்துப் பேசி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

தையல் பிரிக்கவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. படி இறங்கினால் அசைந்துவிடும் என்று ஒரு நர்ஸை வீட்டுக்கே வரவழைத்தேன். கழிப்பறைக்குப் போகும்போதுகூடக் கால் மடங்கக் கூடாது என்று ஒரு பலகையை அளவாக அறுத்து, துணி சுற்றி, முட்டிக்குப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டான். வேலை சுத்தமாக இருந்தது. காகிதத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்தான்.

அவன் மனைவிக்கு நான் அண்ணன் முறை. அவளுக்கு மட்டும் சந்தேகம்.

"அண்ணே, அந்தப் பொண்ணு ஏன் வரவே மாட்டேங்குது?"

"லீவுல போயிருக்கும்மா."

"காகிதத்துல பார்த்தா இவரு பெரிய பயில்வான். கால் என்னடான்னா கட்டில்ல வச்ச கட்டை மாதிரி அப்படியே கிடக்கு. டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கண்ணே."

"தங்கச்சி, டாக்டருக்கு இருபது வருஷ அனுபவம். எங்க ரெண்டு பேரையும் சேர்த்தா நூறு வருஷம். நீ கொஞ்சம் சும்மா இரு."

அவள் சும்மா இருந்துவிட்டாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டினால் தேவலை.

இருபத்தோராம் நாள் காலையில் போனேன். அவன் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "முட்டுக் கொடுத்ததைப் பிரிச்சிடலாமா முதலாளி?" என்றான். நானே பலகையை அவிழ்த்தேன். அவன் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உள்ளே இழுத்தான். கொஞ்சம் வந்தது, நின்றது. இன்னொரு தடவை இழுத்தான். அதே இடத்தில் நின்றது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மூன்றாவது தடவை அவன் என்னைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பழகலடா. ரெண்டு நாள்ல விட்டுக்கொடுக்கும்," என்றேன்.

"இது பழகாதது இல்லடா. நல்லாப் பிடிச்சிருக்கு."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அன்று மாலையே வந்தாள். கருவியை வைத்தாள். முப்பத்தெட்டு. திரும்பவும் வைத்துப் பார்த்தாள். அதே முப்பத்தெட்டு.

"ஐயா," என்றாள் என்னிடம், அவனிடம் இல்லை. "அந்தப் பசை கால்மணி நேரத்துல இறுகிடும். தையல் போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போன வேலை அது. சும்மா வச்சிருந்தா இறுகுறது சதையும் சவ்வும்தான். அது இறுகக் கூடாதுன்னுதான் மடக்கச் சொன்னது."

 அவன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போகும் சத்தம் மட்டும் வந்தது.

"நான்தாம்மா அசைக்காம வச்சேன். இவன் எவ்வளவோ சொன்னான், கேக்கல," என்றான் ரசமட்டம்.

பொய். நான் மறுத்துச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று போன் போட்டது யார் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும். ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலைப் பிடித்து மடக்க ஆரம்பித்தாள். அவன் போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு அவன் உழைத்தது போல ஒரு உழைப்பை நான் பார்த்ததில்லை, நான்கூட அப்படி உழைத்ததில்லை. மூன்று வேளை என்றால் எட்டு வேளை செய்தான். பல்லுக்கு நடுவில் துண்டைக் கடித்துக்கொண்டு மடக்குவான். பத்து நாளில் நாற்பத்தைந்து. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு டிகிரி. ஐம்பத்திரண்டில் நின்றுவிட்டது. டாக்டர் மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பார்க்கலாம் என்றார். செய்தார்கள். வெளியே வந்து, "மேசையில தொண்ணூத்தஞ்சு வந்துச்சு, இனி விடாதீங்க," என்றார். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் தொண்ணூற்றைந்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் விடவில்லை. அதுதான் கொடுமை. ஒரு வேளைகூட விடவில்லை. இருந்தும் நாளுக்கு நாள் கால் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போயிற்று. ஒரு மாதத்தில் எழுபது, இரண்டாவது மாதத்தில் அறுபது. ஐம்பத்தெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெண் கடைசியாக வந்த அன்று கருவியைப் பையில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் எழவில்லை.

"இதுக்கு மேல இழுத்தா எலும்பு போயிடும் ஐயா."

"நூத்திப் பத்துல பாதி தாண்டிட்டேனே பாப்பா. பாஸ் மார்க் போட மாட்டியா?" என்றான் அவன்.

அவள் சிரிக்க முயற்சி செய்தாள். முடியவில்லை.

எனக்கு நூலகத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. சுற்றுத் தரை எல்லாம் முடிந்து, நடுக்கூடத்தில் அந்த இருபதடி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நாலு மாதம் நான் இழுத்தடித்தேன். வேறு ஒருவன் அவகாசம் கேட்டிருந்தால் கான்ட்ராக்டைப் பிடுங்கியிருப்பார்கள். என் பெயருக்காகப் பொறுத்தார்கள். கடைசியில் இன்னொரு ஆளைப் பிடித்தேன். நல்ல வேலைக்காரன். ஆரம்பிக்கிற அன்று ரசமட்டத்தையும் கூட்டிப்போனேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கட்டும், அவன் கண் போதுமே என்று நினைத்தேன்.

வீட்டுப் படி இறங்கவே அரைமணி நேரம் ஆயிற்று. முழங்கால் சரியாக மடங்காத காலை முன்னால் நீட்டி, மற்ற முட்டி வலிக்க வலிக்க, ஒவ்வொரு படியாக. நூலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். வலது கால் நடைபாதையின் குறுக்கே நீண்டு நின்றது. கல் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் கால் மாமா" என்று சொல்லிச் சுற்றிப் போனார்கள். அவனால் அதை மடக்கிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கோப்பா" என்றான்.

அந்தப் புது ஆள் நடுக்கல்லை வைத்தான். கருவியை வைத்துப் பார்த்தான். "மட்டம்," என்றான்.

"இல்ல. கிழக்கே இறங்கியிருக்கு," என்றான் ரசமட்டம்.

"குமிழி நடுவுல நிக்குதுங்களே."

"உன் குமிழியைத் தூக்கிப் போடு." என் பக்கம் திரும்பினான். "டேய், என்னைக் கீழ இறக்கு."

ஆள்களின் முன்னால் அவன் என்னை "டேய்" என்றது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. நானும் இன்னொருவனும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மெல்லத் தரையில் உட்கார வைத்தோம். மடங்காத கால் நேராக நீண்டிருந்தது. கன்னத்தைத் தரையில் வைக்கக் குனிந்தான். முட்டி போட்டால்தானே அவ்வளவு குனிய முடியும். பாதி தூரம் வந்து நின்றான். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தான். கை நழுவி விழப்போனான், பிடித்துக்கொண்டோம். அப்படியே தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டான். படுத்தபடி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

பிறகு கல்லைத் தானே பெயர்த்து எடுத்தான். கலவையைச் சரிசெய்தான். கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் மூன்று தட்டுத் தட்டினான். நடுக்கல் உட்கார்ந்தது. அடுத்த கல் அந்தப் பக்கம் வர வேண்டும். அவனால் அந்தப் பக்கம் நகர முடியவில்லை. புட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ஜாண் நகர்ந்தான். நீட்டிய கால் ஈரக் கலவைக்குள் போய் உழுதுவிட்டது. காலை எடுக்கக் கையால் தூக்க வேண்டியிருந்தது. எட்டு ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"தூக்குங்கப்பா," என்றான். "நான் போறேன்."

தூக்கி நிறுத்தினோம். புது ஆளைப் பார்த்து, "நடுக்கல் சரியா இருக்கு. அதுல இருந்து நீயே போட்டுட்டுப் போ. என்னைக் கேக்காத," என்றான். வண்டியில் ஏறும்போதும் காலை நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். வழியில் ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அறுபது பேருக்குக் கட்டளை போடுகிற வாய், "தப்பு என்னுதுடா" என்ற இரண்டு சொல்லுக்குத் திறக்கவில்லை.

வட்டம் முடிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஓரத்தில் ஒரு விரல் பிசகியிருப்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இடது முட்டிக்கு டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். "இந்தத் தடவை முதல் நாளில இருந்து மடக்கலாம், நல்லா வரும்," என்றார். உண்மையாகவே வந்திருக்கும். நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து கெஞ்சினேன். அந்தப் பெண்ணையும் கூட்டிப்போனேன். அவன் இடது காலைத் தரையில் ஊன்றி, வலியில் முகம் சுருங்க, மெல்ல மடக்கிக் காட்டினான்.

"வலிக்குதுடா. ஆனா மடங்குது. இதையும் வாங்கிட்டுப் போயிடாதீங்க."

இரண்டு வருஷம் ஆகிறது. அவன் கீழே இறங்குவதில்லை. அவன் மனைவிதான் குனிந்து வலது காலுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறாள். கழிப்பறை வரைக்கும் போக அந்தச் செருப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போகிறேன். நான் பேசுகிறேன், அவன் கேட்டுக்கொள்கிறான். புதிதாக எடுத்த வேலை, எத்தனை சதுர அடி, எந்தக் கல் என்று எல்லாம் சொல்வேன். போன வாரம் எழுந்து கிளம்பும்போது, "சரி முதலாளி, பார்த்துப் போங்க," என்றான். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.